லப்டொப் இழுக்கிறதா? முதலில் சுமையை இறக்குங்கள்

யாழ்ப்பாணத் தீவகத்தில் உள்ள நாரந்தனையில் ஒரு வீட்டு லப்டொப் மெதுவாகிவிட்டால், பெரும்பாலானோர் அதைத் தூக்கிக்கொண்டு யாழ்ப்பாண நகருக்குத்தான் போகிறார்கள். பஸ் ஏறி, அல்லைப்பிட்டி, மண்டைதீவுச் சந்தி, பண்ணைத் தாம்போதி எல்லாம் கடந்து கடையில் கொடுத்துவிட்டு வர ஒரு நாள். திருத்தியதை எடுத்துவர இன்னொரு நாள். பஸ் காசும் கடைக் காசும் ஒருபுறம் இருக்க, உயர்தரத்துக்குப் படிக்கிற பிள்ளைக்கு அந்த நாட்கள் முழுக்க வீண். கடையில் நடக்கும் வேலையில் பெரும்பங்கு, வீட்டு மேசையில் இருந்தபடியே ஒரு பின்னேரத்தில் செய்துவிடக்கூடியது. கருவி எதுவும் வேண்டாம், காசும் வேண்டாம். எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்ற தெளிவு இருந்தால் போதும்.

தீவக வீடுகளில் உள்ள லப்டொப்களில் பல கடையில் வாங்கியவை அல்ல. போர்க்கால இடப்பெயர்வில் ஊரைவிட்டுப் போன தீவகத்துக் குடும்பங்கள் இன்று பிரான்ஸ், சுவிஸ், கனடா, பிரித்தானியா என்று பரந்திருக்கின்றன. கோயில் திருவிழாவுக்கோ கலியாண வீட்டுக்கோ வரும் மாமா, சித்தப்பாவின் பெட்டிக்குள் அவர்கள் பாவித்த லப்டொப்பும் வந்துசேரும். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டுப் படிப்பு ஸூமுக்கு மாறியபோது அதன் பெறுமதி எல்லோருக்கும் விளங்கியது. 2022இல் டொலர் சில வாரங்களிலேயே 200 ரூபாவிலிருந்து 360 ரூபா அளவுக்கு ஏறியதோடு, புதிய லப்டொப் பல குடும்பங்களின் கைக்கு எட்டாமலே போனது. வீட்டில் இருப்பதைக் காப்பாற்றி ஓட்டுவது அன்றிலிருந்து அவசியமாகிவிட்டது.

அப்படி வரும் லப்டொப் தனியாக வருவதில்லை. பிரான்ஸிலிருந்து வந்ததென்றால் விசைப்பலகையில் கியூ இருக்கவேண்டிய இடத்தில் ஏ இருக்கும். இலக்கம் அடிக்க ஷிஃப்டையும் சேர்த்து அழுத்தவேண்டும். சுவிஸிலிருந்து வந்ததென்றால் வையும் இஸட்டும் இடம் மாறியிருக்கும். உள்ளே காலாவதியான வைரஸ் தடுப்பு மென்பொருள், அந்த வீட்டுப் பிரிண்டருக்குப் போட்ட மென்பொருள், பிள்ளைகள் இறக்கிய விளையாட்டுகள், ஒருவரும் திறந்தே பார்க்காத தயாரிப்பு நிறுவன ஆப்கள் என்று பல வருடச் சுமை ஏறியிருக்கும். இங்கே வந்தபின் நம் பங்குக்கு வைபரும் ஸூமும் தமிழ் எழுத்து மென்பொருள்களும் அதன்மேல் ஏறுகின்றன.

எங்கே இழுக்கிறது?

நோயைப் பார்க்காமல் மருந்து கொடுக்கக்கூடாது. கொன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மனேஜர் திறக்கும். பிரெஞ்சு விசைப்பலகையில் எஸ்கேப்புக்கு எஷாப் என்று எழுதியிருக்கும். இடம் அதே இடது மேல்மூலைதான். திறந்த பெட்டியில் சிபியு, மெமரி, டிஸ்க் என்று தலைப்புகளும் அவற்றின் மேல் சதவீதங்களும் தெரியும். எது தொடர்ந்து 90ஐத் தாண்டி நிற்கிறதோ, கோளாறு அங்கே.

பழைய லப்டொப்களில் பெரும்பாலும் டிஸ்க்தான் 100இல் நிற்கும். 2010களில் விற்பனையான மலிவு விலை லப்டொப்களில் இருந்தது சுழலும் வன்தட்டு. நிமிடத்துக்கு 5,400 தடவை சுற்றும் தட்டின்மேல் சிறிய ஊசி ஒன்று அங்கும் இங்கும் ஓடித் தகவலை எடுக்கும். ஒரு பெரிய படத்தைத் தொடர்ச்சியாக வாசிப்பதென்றால் அது சமாளித்துவிடும். சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னக் கோப்புகளை எடுப்பதென்றால் விநாடிக்கு ஏறக்குறைய 100 தடவைக்குமேல் அதனால் ஓடமுடியாது. விண்டோஸ் திறக்கும்போதோ ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளைக் கேட்கிறது. அதே நேரத்தில் வைபர், ஸூம், வைரஸ் தடுப்பு என்று பத்து மென்பொருள்கள் தங்கள் கோப்புகளையும் கேட்டால், ஒரே துலாவில் பத்து வீட்டுக்காரர் தண்ணீர் அள்ள நிற்கும் கதைதான்.

மெமரி 90ஐத் தாண்டி நின்றால் காரணம் வேறு. 4 ஜிபி ரம் உள்ள லப்டொப்பில் விண்டோஸ் 10 மட்டுமே ஏறக்குறைய பாதியை எடுத்துக்கொள்ளும். மிச்சத்தில் குரோமின் பத்துப் பக்கங்களைத் திறந்து வைத்தால் இடம் முடிந்துவிடும். அப்போது விண்டோஸ் ரம்மில் உள்ளதை டிஸ்க்குக்கு மாற்றி மாற்றி வைத்துச் சமாளிக்கும். அதனால் மெமரித் தட்டுப்பாடும் கடைசியில் டிஸ்க்கின் தலையில்தான் விழுகிறது.

அதே டாஸ்க் மனேஜரில் ஸ்டார்ட்-அப் என்ற பகுதி உண்டு. விண்டோஸ் 11இல் அதன் பெயர் ஸ்டார்ட்-அப் ஆப்ஸ். லப்டொப் திறக்கும்போது கேட்காமலே தானாக எழும்பும் மென்பொருள்களின் பட்டியல் அது. ஸ்கைப் இன்னும் அங்கே குந்தியிருக்கக்கூடும். வெளிநாட்டுப் பிள்ளையின் முகத்தை எத்தனையோ வருடம் ஊருக்குக் காட்டிய அந்தச் சேவை 2025 மே 5ஆம் திகதியோடு மூடப்பட்டுவிட்டது. டொரன்ட், பாட்டு ஆப்கள், பிரிண்டர் உதவியாளர், ஸூம், டீம்ஸ் எதுவும் லப்டொப்போடு சேர்ந்து எழும்பவேண்டியதில்லை. பெயரின்மேல் வலது கிளிக் செய்து டிசேபிள் கொடுத்தால் போதும். மென்பொருள் அழியாது, தேவைப்படும்போது நாமே திறக்கலாம். ஒலி, தொடுபலகை, விண்டோஸ் பாதுகாப்பு ஆகியவற்றின் பெயர்களை மட்டும் அப்படியே விட்டுவிடவேண்டும். சுழலும் வன்தட்டு உள்ள லப்டொப்பில் இந்த ஒரு வேலையிலேயே வித்தியாசம் தெரிந்துவிடும்.

தொழிற்சாலையிலேயே ஏறும் சுமை

புதிதாக வாங்கிய லப்டொப்பே ஏன் இத்தனை மென்பொருள்களோடு வருகிறது? தங்கள் ஆப்பை முன்கூட்டியே போட்டுவிட மென்பொருள் நிறுவனங்கள் லப்டொப் தயாரிப்பாளருக்குக் காசு கொடுக்கின்றன. லாபம் குறைந்த தொழிலில் அது தயாரிப்பாளருக்கு ஒரு மேலதிக வருமானம். 2008இல் சொனி நிறுவனம் தன் வாயோ லப்டொப்களில் சிலவற்றை இந்தச் சுமை இல்லாமல் தருவதற்கு 49.99 டொலர் தனிக்கட்டணம் கேட்டது. எதிர்ப்புக் கிளம்பியதும் அந்தக் கட்டணத்தைக் கைவிட்டது.

அதைவிடப் பாரதூரமானது லெனோவோ விவகாரம். 2014இன் பிற்பகுதியில் வெளிவந்த அந்த நிறுவனத்தின் பல லப்டொப்களில் சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர மென்பொருள் முன்கூட்டியே போடப்பட்டிருந்தது. பாவனையாளர் பார்க்கும் இணையப் பக்கங்களுக்குள் அது விளம்பரங்களைச் செருகியது. அதற்காக வங்கித் தளங்கள் போன்ற பாதுகாப்பான தளங்களுக்குப் போகும் இணைப்புக்கு நடுவிலும் புகுந்து நின்றது. எல்லா லப்டொப்களிலும் அது பாவித்த இரகசியச் சாவி ஒன்றேதான். அந்தச் சாவியின் கடவுச்சொல்லை 2015 பெப்ரவரியில் ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் உடைத்துக் காட்டினார். சாவி கையில் இருந்தால், பொது வைஃபையில் இருக்கும் எவரும் போலி வங்கிப் பக்கத்தை உண்மையானதுபோல் காட்டலாம் என்பது அப்போது வெளிச்சமானது. 2017 செப்டெம்பரில் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையத்துடனும் 32 மாநிலங்களுடனும் லெனோவோ இணக்கத்துக்கு வந்தது. மாநிலங்களுக்கு 35 இலட்சம் டொலர் செலுத்தவும் ஒப்புக்கொண்டது. தேவையில்லாத மென்பொருள் இடத்தை அடைப்பதோடு நிற்காது, வீட்டுக் கதவையும் திறந்து வைக்கலாம் என்பதற்கு இது ஆதாரம்.

எதை எடுப்பது, எதை விடுவது

செட்டிங்ஸுக்குள் ஆப்ஸ் என்ற பகுதிக்குப் போனால் லப்டொப்பில் உள்ள மென்பொருள்கள் எல்லாம் வரிசையாகத் தெரியும். பாசை பிரெஞ்சிலோ ஜேர்மனிலோ இருந்தால் முதலில் அதை ஆங்கிலத்துக்கோ தமிழுக்கோ மாற்றிக்கொள்வது நல்லது. சிங்கிள் லங்குவேஜ் என்ற வகை விண்டோஸில் மட்டும் இப்படி மாற்றமுடியாது. பட்டியலைத் திகதிப்படி அடுக்கிப் பார்த்தால், லப்டொப் இழுக்கத் தொடங்கிய காலத்தில் எது ஏறியது என்பது புலப்படும்.

தயங்காமல் எடுக்கவேண்டியவை சில. டூல்பார் என்று முடியும் எதுவும், டிரைவர் அப்டேட்டர், பிசி ஒப்டிமைசர், பூஸ்டர் என்ற பெயர்களில் வந்தவை, கூப்பன் காட்டுபவை, தவணை முடிந்த வைரஸ் தடுப்புகள். விண்டோஸ் 8 வந்த 2012இலிருந்து டிஃபென்டர் என்ற பாதுகாப்பு உள்ளேயே கட்டணமின்றி இருக்கிறது. வேறு வைரஸ் தடுப்பு ஒன்றைப் போட்டால் டிஃபென்டர் தானாக ஒதுங்கிவிடும். அந்த மற்றத் தடுப்பை நீக்கினால் டிஃபென்டர் திரும்ப வேலையை ஏற்கும். வெளியிலிருந்து இரண்டு வைரஸ் தடுப்புகளைப் போட்டால் பாதுகாப்பு இரட்டிப்பாகாது. ஒவ்வொரு கோப்பையும் இரண்டும் போட்டி போட்டுச் சோதிக்க, லப்டொப்தான் திணறும். ஃப்ளாஷ் பிளேயர் இன்னும் இருந்தால் அதுவும் போகட்டும். அடோபி நிறுவனம் 2020 டிசெம்பர் 31ஆம் திகதியோடு அதைக் கைவிட்டுவிட்டது.

தொடக்கூடாதவையும் உண்டு. மைக்ரோசொஃப்ட் விஷுவல் சி பிளஸ் பிளஸ் என்று ஒரே பெயரில் பத்துப் பன்னிரண்டு வரிகள் தெரியும். ஒன்றை வைத்து மற்றதை நீக்கலாம் என்று தோன்றும். ஒவ்வொன்றும் வேறு வேறு மென்பொருளுக்கு அடித்தளம் என்பதால் அவை அப்படியே இருக்கட்டும். இன்டெல், ரியல்டெக், ஏஎம்டி, என்விடியா என்று தொடங்குபவை திரை, ஒலி, வைஃபை ஆகியவற்றை இயக்குபவை. அவற்றிலும் கை வைக்கவேண்டாம்.

தமிழ் எழுத்து மென்பொருள்கள் நமக்கே உரிய ஒரு சங்கதி. பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கடிதங்களும் திருமண அழைப்பிதழ்களும் இன்னும் பல வீடுகளில் உள்ளதால் அந்த எழுத்துருவை வைத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் எ-கலப்பை, என்எச்எம் ரைட்டர், அழகி மூன்றையும் போட்டு, மூன்றும் லப்டொப் திறக்கும்போதே எழும்பினால் அது வீண் சுமை. பழகிய ஒன்றை வைத்து மற்றவற்றை எடுத்துவிடலாம். விண்டோஸ் 10இன் 2019 மே புதுப்பிப்பிலிருந்து தமிழை ஒலிப்பு முறையில் அடிக்கும் வசதி உள்ளேயே வந்துவிட்டது.

குரோமுக்குள்ளும் ஒருமுறை எட்டிப்பார்க்கவேண்டும். எக்ஸ்டென்ஷன்ஸ் பகுதியில் நாம் போடாத எதுவும் இருந்தால் நீக்கவேண்டும். திரையின் மூலையில் வைரஸ் பிடித்துவிட்டது என்று மிரட்டும் பெட்டி அடிக்கடி வருகிறதென்றால் அது பெரும்பாலும் வைரஸ் இல்லை. படம் பார்க்கவோ பாட்டு இறக்கவோ போன ஏதோ ஒரு தளத்தில் அலவ் என்பதை அழுத்தியதன் விளைவு. செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன்ஸ் பகுதியில் அந்தத் தளத்தின் பெயரை நீக்கினால் மிரட்டல் நின்றுவிடும்.

வேகம் கூட்டும் மென்பொருள் வேண்டாம்

லப்டொப் மெதுவானதும் பலர் செய்வது, வேகமாக்கித் தரும் என்று சொல்லும் இன்னொரு மென்பொருளைத் தேடி இறக்குவது. இரண்டு பெரிய சம்பவங்களை அறிந்தால் அந்த எண்ணம் வராது.

முதலாவது, உலகெங்கும் பிரபலமான சிகிளீனர். 2017 ஓகஸ்ட் 15இலிருந்து செப்டெம்பர் 12 வரை அதன் 5.33 பதிப்பை அந்த நிறுவனத்திடமிருந்தே இறக்கியவர்களின் கணினிகளுக்குள் தீங்கான நிரலும் சேர்ந்தே போனது. ஊடுருவியவர்கள் தயாரிப்பு இடத்திலேயே அதைக் கலந்துவிட்டிருந்தார்கள். ஏறக்குறைய 22 இலட்சத்து 70 ஆயிரம் கணினிகளில் அந்தப் பதிப்பு ஏறியிருந்தது. இரண்டாவது, அமெரிக்காவின் ஒஃபிஸ் டிப்போ கடைகளில் நடந்தது. இலவசமாகக் கணினியைச் சோதித்துத் தருவதாக அழைத்தார்கள். கணினி மெதுவாக இருக்கிறதா, மிரட்டும் பெட்டிகள் வருகின்றனவா என்பது போன்ற கேள்விகளில் ஒன்றுக்காவது வாடிக்கையாளர் ஆம் என்றால், உண்மையில் கிருமி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தச் சோதனை இருப்பதாகக் காட்டியது. அதை வைத்துத் திருத்த வேலைக்குக் காசு வாங்கினார்கள். 2019 மார்ச்சில் ஒஃபிஸ் டிப்போவும் அந்த மென்பொருளைக் கொடுத்த சப்போர்ட் டொட் கொம் நிறுவனமும் சேர்ந்து 350 இலட்சம் டொலர் கட்ட நேர்ந்தது.

ரெஜிஸ்ட்ரி கிளீனர் என்று வருபவையும் இதே ரகம். அவற்றைப் பாவிப்பதை மைக்ரோசொஃப்ட்டே ஆதரிக்கவில்லை. குப்பைக் கோப்புகளை அகற்றுவதென்றால் செட்டிங்ஸுக்குள் ஸ்டோரேஜ் பகுதியில் அதற்கான வசதி உள்ளேயே இருக்கிறது. கிருமி உண்டோ என்ற சந்தேகம் இருந்தால் டிஃபென்டரில் ஒஃப்லைன் ஸ்கான் கொடுக்கலாம். லப்டொப் தானாக அணைந்து எழும்பி, விண்டோஸ் முழுதாகத் திறக்கும் முன்பே ஏறக்குறைய கால்மணி நேரம் சோதித்துத் தரும்.

கிருமி ஏறும் வழிகளையும் அடைக்கவேண்டும். போட்டோகொப்பி கடையில் செருகிய பென் டிரைவில் கோப்புகள் மறைந்து அதே பெயரில் ஷோர்ட்கட்டுகள் தெரிந்தால், அவற்றின்மேல் கிளிக் செய்யவே கூடாது. முதலில் ஸ்கான் பண்ணவேண்டும். கிராக் செய்த ஒஃபிஸ், போட்டோஷொப் ஆகியவற்றோடு, நமக்குத் தெரியாமல் நம் லப்டொப்பின் சக்தியைப் பாவித்துக் கிரிப்டோ நாணயம் ஈட்டும் நிரல்கள் வருவதுண்டு. கடிதமும் கணக்கும் எழுத லிப்ரே ஒஃபிஸ் முற்றிலும் இலவசம்.

உப்புக்காற்று, சூடு, சார்ஜர்

சுமையை இறக்கியும் இழுத்தால் லப்டொப்பின் உடம்பைப் பார்க்கவேண்டும். தீவகத்தில் காற்றோடு உப்பும் வருகிறது. சோளகம் வீசும் மாதங்களில் புழுதியும் சேரும். விசிறியின் வாயில் தூசி அடைத்தால் உள்ளே சூடு ஏறும். இன்டெல் சிப்புகளில் பல 100 பாகை செல்சியஸை நெருங்கும்போது தங்களைக் காத்துக்கொள்ளத் தாமாகவே வேகத்தைக் குறைத்துவிடும். மெத்தையில், தலையணையில் வைத்துப் பாவித்தால் கீழே உள்ள காற்று வாய்கள் மூடிக்கொள்ளும். மேசை, பலகை போன்ற கடினமான தளமே நல்லது. கடல்காற்று நேரே அடிக்கும் யன்னலோரத்தைத் தவிர்த்து, பாவிக்காத நேரம் பைக்குள் வைத்தால் உப்புத் துருவும் தள்ளிப்போகும்.

சார்ஜரையும் கவனிக்கவேண்டும். வெளிநாட்டுச் சார்ஜர் பழுதானால், கிடைத்த ஒன்றை வாங்கிப் போடுவது வழக்கம். டெல் லப்டொப்கள் பல, தமக்குரிய சார்ஜர் இல்லை என்று கண்டால் திறக்கும்போதே ஓர் எச்சரிக்கை காட்டி, பிறகு மெதுவாகவே ஓடும். எத்தனை மென்பொருளை நீக்கினாலும் அந்த மந்தம் போகாது. சரியான சார்ஜரைப் போட்டால்தான் சரியாகும்.

காசு செலவழிப்பதென்றால் எங்கே?

சுழலும் வன்தட்டு உள்ள லப்டொப்புக்குச் செலவழிக்கும் முதற்காசு எஸ்எஸ்டிக்குப் போகட்டும். அதில் சுற்றும் தட்டோ ஓடும் ஊசியோ கிடையாது. வன்தட்டு ஒரு சின்னக் கோப்பை எடுக்கும் நேரத்தில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கிலேயே அது எடுத்துத் தந்துவிடும். புதிய லப்டொப்பின் விலையில் சிறுபகுதிக்கே 256 ஜிபி அளவுள்ள ஒன்றை வாங்கலாம். ரம் 4 ஜிபி மட்டும் இருந்து, கூட்ட இடமும் இருந்தால் 8 ஆக்குவது அடுத்த வேலை. சில மெல்லிய லப்டொப்களில் ரம் பலகையோடு ஒட்டியே வரும், கூட்டமுடியாது. கடையில் காசு கொடுக்கும் முன் அதைக் கேட்டுக்கொள்ளவேண்டும். நகரத்துக்கு லப்டொப்பைத் தூக்கிப்போவது இந்த வேலைக்கென்றால் நியாயம்.

விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. பதிவு செய்துகொண்ட வீட்டுப் பாவனையாளர்களுக்கு 2026 ஒக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்களைத் தருவதாக மைக்ரோசொஃப்ட் அறிவித்தது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பைக் கேட்கிறது; இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய சிப்பாக இருக்கவேண்டும். அந்தத் தகுதி இல்லாத லப்டொப்பைக் குப்பைக்கு எறியவேண்டாம். லினக்ஸ் மின்ட் 2 ஜிபி ரம்மிலும் ஓடும், 4 ஜிபி என்றால் நன்றாகவே ஓடும். கட்டணம் இல்லை, தமிழில் தட்டச்சும் செய்யலாம். 2024இல் வெளிவந்த அதன் 22ஆம் பதிப்புக்கு 2029 வரை ஆதரவு உண்டு. பாடக் குறிப்பு, வீடியோ வகுப்பு, மின்னஞ்சல், கடிதம் ஆகியவற்றுக்கு அது தாராளமாகப் போதும்.

எதைத் தொடங்கும் முன்னும் படங்களையும் பாடக் கோப்புகளையும் வேறொரு டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ பிரதி எடுத்து வைப்பது கட்டாயம். பழைய வன்தட்டு எந்த நேரமும் கைவிடலாம்.

கடைசியாக, புலம்பெயர்ந்த நாடுகளில் இருந்து ஊருக்கு லப்டொப் கொண்டுவரும் உறவுகளுக்கு ஒரு வேண்டுகோள். பெட்டியில் வைக்கும் முன் உங்கள் கணக்குகளில் இருந்து வெளியேறி, விண்டோஸில் உள்ள ரீசெட் வசதியால் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக்கிக் கொடுங்கள். விண்டோஸுக்கு முன்பே ஓடும் பயஸில் கடவுச்சொல் போட்டிருந்தால் அதையும் நீக்குங்கள். வேலை செய்யும் நிறுவனம் தந்த லப்டொப் என்றால், அதன் பூட்டை எடுக்கச் சொல்லி அவர்களிடமே கேட்டுப் பெறுங்கள். இங்கே கொண்டுவந்தபின் அதை எடுப்பது மிகக் கடினம். உரிய சார்ஜரை மறக்காதீர்கள். முடிந்தால் ஓர் எஸ்எஸ்டியையும் போட்டே கொண்டுவாருங்கள். சொக்லேற் பெட்டியைவிட அதுதான் நாரந்தனையில் படிக்கிற பிள்ளைக்கு நீண்டகாலம் உதவும்.